சுக்குக் கருப்பட்டி வீடு

ஐப்பசிப் புயல் வெள்ளித்துறையிலிருந்து எடுத்துக்கொண்டு போனது மூன்று தென்னை, கோயில் கொடிமரம், அமலோற்பவத்தின் குடிசை, அவ்வளவுதான். தென்னைக்கு ஆள் வந்து அளந்து எழுதிக்கொண்டு போனார்கள், கொடிமரத்துக்கு ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது, அமலோற்பவத்துக்கு மட்டும் ஊர் முழுக்க ஒரே பதிலைச் சொல்லிவைத்தாற்போல் சொன்னது: ஒண்டிக்கட்டைக்கு எதற்கு வீடு, அண்ணன் வீட்டில் இடமா இல்லை?

இடம் இருந்தது. வலை போட்டுவைக்கும் அறையில், மிதவைக் கட்டைகளுக்கும் டீசல் கேனுக்கும் நடுவில், ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. அமலோற்பவத்துக்கு வயது நாற்பத்தொன்று, பஜார் பேக்கரியில் இருபது வருஷமாக மாவு பிசைகிறவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், அதற்குக் காரணம் கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லக்கூடியவள். அண்ணன் மனைவி பிரான்சிஸ்காள் கெட்டவள் இல்லை. ஆனால் வாசலில் யார் வந்து நின்றாலும் ‘உள்ள வாங்க’ என்று சொல்லும் உரிமை அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான். ஒருநாள் அமலோற்பவம் வாய்தவறி ‘உள்ள…’ என்று தொடங்கிவிட, மதினி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து வார்த்தையை முதலிலிருந்து சொன்னாள். புயலில் போன குடிசையோ குனிந்தால்தான் நுழைய முடியும் என்பதால் வந்தவர்கள் எல்லாம் வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஆகமொத்தம் நாற்பத்தொரு வயது வரைக்கும் அந்த இரண்டு வார்த்தையை அவள் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. சிரிக்காதீர்கள், சொல்லிச் சொல்லிப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியாது.

புயல் அடித்த மறுவாரம் ஊர்க்காரர்கள் மனசு கேட்காமல் ஆளுக்கு நாலு செங்கல் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரக்கப்பட்டுக் கொடுப்பது எனக்கு வேண்டாம் என்று அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்கடுத்த வாரம் தாலுகா ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. குடிசை நின்ற, அரசாங்கம் ஒதுக்கிய மனையில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று, அதாவது ஜனவரி ஆறாம் தேதி, அதிகாரி வந்து பார்ப்பார், சுவரும் கூரையும் பூட்டுகிற கதவும் உள்ள வீடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மனை ரத்து. ரத்தானால் அது யாருக்குப் போகும் என்று காகிதத்தில் இல்லை, ஆனால் ஊருக்கே தெரியும். பக்கத்து ஐஸ் கம்பெனி தொபியாஸ், லாரி திருப்ப இடம் பற்றாமல் மூன்று வருஷமாக அந்த மனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனு எழுதினால் அதில் கமா கூட சரியாக இருக்கும்.

இந்த நிலைமையில்தான் கிறிஸ்துமஸ் நெருங்கியது. போன வருஷம் தெருவுக்குத் தெரு வைத்த வைக்கோல் குடில்களில் ஒன்று சீரியல் லைட்டிலிருந்து தீப்பிடித்து, மூன்று ராஜாக்களும் ஒரு ஒட்டகமும் கருகிப்போனதால், பங்குச்சாமி இந்த வருஷம் ஒரு புது விதி போட்டார்: குடில் போட்டிக்கு வருகிற குடில் எல்லாம் தின்கிற பண்டத்தில் செய்ததாக இருக்க வேண்டும். வெள்ளித்துறைப் பெண்களுக்கு இப்படி ஒரு சவால் அதுவரை யாரும் விட்டதில்லை. மேலத்தெரு அச்சுமுறுக்கை அடுக்கி வளைவு வளைவாகக் கோபுரம் கட்டியது, கீழத்தெரு மக்ரூனைக் குவித்துப் பெத்லகேமில் இல்லாத பனிமலையைக் கொண்டுவந்தது, சங்குத்தெரு முந்திரிக்கொத்தால் மதில் எழுப்பி நெய்யுருண்டையில் ஆடு செய்தது, கடற்கரைத்தெரு கலகலாவைக் கோத்துக் கூரை வேய்ந்து தேங்காய்ப்பூவை வைக்கோலாகப் பரப்பியது. அமலோற்பவம் மட்டும் தனி ஆளாக, பேக்கரி அடுப்பின் கடைசிச் சூட்டில், சுக்கும் கருப்பட்டியும் கிராம்பும் போட்டுப் பிசைந்த மாவைத் தட்டித் தகடாகச் சுட்டு, வெள்ளை ஐசிங் வைத்து ஒட்டி, முழங்கை உயரத்துக்கு ஒரு வீடு கட்டினாள்.

அது தொழுவம் இல்லை, வீடுதான். இரண்டு அறை, கடலைப் பார்த்த அடுப்படி, காற்றுக்கு ஐந்து ஜன்னல், பிஸ்கட் ஓடு, சீனி உருக்கி ஊற்றிய கண்ணாடி, கிராம்பை ஆணியாகக் குத்திய கதவு. நடுவர்களில் ஒருவர் ஏசு பிறந்தது தொழுவத்தில்தான், அடுப்படியில் இல்லை என்று தள்ளிவிட்டார். அமலோற்பவம் ஐசிங் காயாத கையோடு அவரைப் பார்த்தாள்.

“மாதாவுக்கு ஒரு வீடு கெடச்சிருந்தா தொழுவத்துக்கு ஏன் போறா?” என்று கேட்டாள்.

ஆனாலும் பரிசு மக்ரூன் மலைக்குத்தான் போனது. அமலோற்பவம் வீட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போக, எறும்பு வரும் என்று மதினி சொல்லிவிட, வேறு போக்கில்லாமல் தன் மனைக்குப் போய், புயல் விட்டுவைத்த சிமெண்டுத் தரையில் அதை வைத்து, மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் வீடு இடுப்பளவு வளர்ந்திருந்தது. தார்ப்பாய் அதன் தலையில் துண்டு மாதிரி கிடந்தது. அதற்கு மறுநாள் ஆள் உயரம். நாலாம் நாள் அது குனியாமல் நுழையும்படியான வாசலோடும், இரண்டு அறையோடும், கடலைப் பார்த்த அடுப்படியோடும், கச்சிதமாகச் சிமெண்டுத் தரையின் விளிம்புவரை வந்து, அதற்கு மேல் அடுத்தவர் இடம் என்று தெரிந்ததுபோல் நின்றுவிட்டது. மாவு பொங்க ஊற்றுகிற கள் கூடிப்போயிருக்கும் என்றார் பேக்கரி முதலாளி. கார்த்திகை மழையில் எதுதான் வளராது என்றாள் கீரைக்காரி. அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை, பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது யாருக்கு அதற்கு நேரம்? அமலோற்பவம் பாயை எடுத்துக்கொண்டு வந்து உள்ளே குடியேறினாள்.

மழை பெய்தது. கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் சுடச்சுட சுக்குக் காப்பியாகவே இறங்கியது. கடலுக்குப் போகிறவர்கள் விடிகாலையில் தூக்குச்சட்டியைத் தாழ்வாரத்துக்குக் கீழே பிடித்து நிரப்பிக்கொண்டு போனார்கள், ஊரில் ஒருத்தருக்கும் சளி இல்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் சுவர் ஒரு நூல் மெலிந்துகொண்டு வந்ததை அமலோற்பவம் விரல் வைத்து அளந்து வைத்திருந்தாள். ஜனவரி ஆறுவரை தாங்காது. இது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் லாரியின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த தொபியாஸுக்கும் தெரியும்.

பிறகு எறும்பு வந்தது. மதினி சொன்னது பலித்தது, ஆனால் அவள் சொன்ன மாதிரி இல்லை. கடற்கரையிலிருந்து சாரை சாரையாக வந்த எறும்புகள் ஒரு துணுக்கு பிஸ்கட்டை எடுத்தால், எடுத்த இடத்தில் ஒரு மணலை வைத்துவிட்டுப் போயின. சந்தியாகு என்கிற கட்டுமரக்காரர் அரை நாள் தொழிலை விட்டுவிட்டுக் குந்தியிருந்து இதைப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் சரியில்லை. முந்தின நாள் காப்பிக்குத் தொட்டுக்கொள்ள நடைச்சுவரின் மூலையில் ஒரு கை அகலம் அவர் உடைத்துத் தின்றிருந்தார்.

எங்கள் ஊரில் பண்டிகைக்குத் தட்டு போகும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பலகாரம் வைத்துப் பூவேலைத் துணி மூடி வீட்டுக்கு வீடு அனுப்புவோம். அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. ஒரு கைப்பிடி சீனி, இரண்டு வாழைப்பழம், ஒன்றுமே இல்லையென்றால் கொல்லையிலிருந்து ஒரு கொத்து முருங்கைக்கீரை, ஏதாவது ஒன்று அதில் இருக்கும். வெறுந்தட்டு ஒன்று திரும்பியதால் பதினோரு வருஷம் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும், அதில் ஒன்று என்னுடையது. சந்தியாகுவின் மனைவி விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள். எறும்புக்குத் தெரிந்த மரியாதை உமக்குத் தெரியாதா என்று கேட்டாள். அவர் ஆட்டுக்கொட்டில் கட்டி மீந்த ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டுபோய், தான் தின்ற ஓட்டையில் வைத்தார். செங்கல் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. சுற்றியிருந்த ஐசிங் மெதுவாக நகர்ந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் சுண்ணாம்பாக இறுகியது.

அமலோற்பவம் வாசலுக்கு வந்து செங்கல்லைப் பார்த்தாள். இரக்கமா என்று கேட்டாள்.

“இரக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல தாயி,” என்றார் சந்தியாகு. “தின்ன தட்டு திரும்புது.”

அதற்கு அவளால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. திரும்பி வருகிற தட்டை வேண்டாம் என்று சொல்வது வெறுந்தட்டு அனுப்புவதைவிடப் பெரிய அவமரியாதை. புயலுக்குப் பிறகு அவளுக்கு ஒன்றுமே கொடுக்க முடியாமல் கைகட்டி நின்ற ஊருக்கு அன்றைக்குத்தான் வழி தெரிந்தது. பசி இருந்தவர்களும் இல்லாதவர்களும் வந்தார்கள்.

அந்த ஒரு வாரத்தில் நாங்கள் தின்ற தின்னலை என்னவென்று சொல்ல! மேலத்தெரு வடக்குச் சுவரைத் தின்றுவிட்டுச் செங்கல் வைத்தது. உப்பளத்துக்காரர்கள் மூலைக்கற்களைத் தின்றுவிட்டுப் பாத்திக்கரைக் கருங்கல்லை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமைச் சகோதரி பிள்ளைகளுக்கென்று கூரைப் பிஸ்கட்டை வரிசை வரிசையாகக் கழற்றிக்கொண்டு போய், பழைய கட்டடத்தின் நாட்டு ஓடுகளை அதே வரிசையில் அனுப்பினாள். பழைய தோணி உடைக்கிறவர் உத்தரத்தைத் தின்று, தோணியின் அடிமரமான ஏராவை வைத்தார். சீனிக் கண்ணாடியை நக்கியே தீர்த்த நாலு பேர் கப்பலில் இருந்து வந்த வட்ட ஜன்னலை எங்கிருந்தோ கொண்டுவந்தார்கள், எங்கிருந்து என்று நாங்கள் கேட்கவில்லை. பேக்கரி முதலாளி பக்குவத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அடுப்படிச் சுவர் முழுவதையும் தனியாகத் தின்றார், பக்குவம் பிடிபடவில்லை, பதிலுக்குத் தன் பழைய அடுப்பின் செங்கல்லைக் கொடுத்தார், அந்தச் சுவர் இன்றைக்கும் மார்கழியில் கதகதப்பாக இருக்கும். பங்குச்சாமிக்குச் சர்க்கரை வியாதி. ஆகவே அவர் அடுப்படி ஜன்னலில் ஒரு நகமளவு கிள்ளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடி நின்றுவிட்டு, ஊர் வந்து பாவம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பழைய பலகணியைக் கழற்றிக் கொடுத்தார். சோறு வடிக்கும்போது அதன்முன் நிற்கிறவர்களுக்குச் செய்த தப்பெல்லாம் ஞாபகம் வருகிறது என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

மதினி பிரான்சிஸ்காள் கடைசியாக, யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். நிலைப்படியில் ஒரு விள்ளல் எடுத்துத் தின்றாள், கொஞ்ச நேரம் அழுதாள், வலை அறையின் வாசற்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்து போட்டாள்.

தொபியாஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? தின்கிற பண்டத்தில் மனுஷர் குடியிருக்கிறார்கள் என்று சுகாதார ஆபீசுக்கு எழுதினார், வந்தவர் இது கட்டடம், எங்கள் வேலை இல்லை என்றார். அனுமதி இல்லாத கட்டடம் என்று இன்னொரு ஆபீசுக்கு எழுதினார், வந்தவர் ஒரு துண்டு தின்றுவிட்டு இது பிஸ்கட், எங்கள் வேலை இல்லை என்று சொல்லி, சட்டைப்பையில் இருந்த அளவு நாடாவைப் பதிலுக்கு வைத்துவிட்டுப் போனார், அது துணிக்கொடி கட்ட உதவியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொறுமை போய்விட்டது தொபியாஸுக்கு. நேராக வந்தார், கிராம்பு ஆணி வைத்த வாசற்கதவை இரண்டு கையாலும் பெயர்த்தார், ஒரு செம்பு டீ வாங்கிவரச் சொன்னார், ஊர் பார்க்க நடுத்தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கதவு முழுவதையும் டீயில் முக்கி முக்கித் தின்றார்.

“பாத்துக்கிடுங்கவே,” என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே. “கடிக்க முடிஞ்சா அதுக்குப் பேரு வீடா?”

எழுந்து போனார். பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் வீட்டில் விளமீன் குழம்பு. ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்து, என்ன இது சுக்கும் கருப்பட்டியுமாக இருக்கிறது என்றார். அவர் மனைவி ஜெசிந்தாளின் மீன்குழம்பை ஆயரே இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார். அவள் முகம் மாறியது. பொரித்த மீன் சுக்காக இருந்தது, மோர் கருப்பட்டியாக இருந்தது, கிறிஸ்துமஸ் பிரியாணி, பல்பொடி, இருமல் மருந்து, நாக்கில் வாங்கிய நற்கருணை, எல்லாமே சுக்கும் கருப்பட்டியும். தினம் பச்சைத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார், சுக்குத் தண்ணீர். வைத்தியர் நாக்கை இழுத்துப் பார்த்து நல்ல நாக்கு என்றார். தொபியாஸ் மனைவியிடம் காரணத்தைச் சொல்லவில்லை, அவருக்குப் பயந்து ஊரும் அவள் காதில் போடவில்லை. சமையலில்தான் குற்றம் என்று சாதித்தார். பதிமூன்று நாள் அவள் பொறுத்தாள்.

இந்தப் பக்கம் வீடு முடிந்திருந்தது. புது வருஷம் பிறந்தபோது அதில் மருந்துக்குக்கூட பிஸ்கட் இல்லை, மழை அடித்தால் வெறும் மழைத்தண்ணீர்தான் ஒழுகியது, காப்பிக்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். கதவு மட்டும் இல்லை. சுவரும் கூரையும் பூட்டுகிற கதவும் என்று காகிதத்தில் இருந்தது. ஊரில் கதவுக்கா பஞ்சம்? ஆளுக்கொரு கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அமலோற்பவம் ஒன்றையும் மாட்ட விடவில்லை. நீங்கள் தின்றதற்கு நீங்கள் வைத்தாயிற்று, ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு வாங்கினால் அது பிச்சை, கதவைத் தின்ற வீட்டிலிருந்துதான் கதவு வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பைத்தியக்காரி, மனை போய்விடுமே என்று சந்தியாகு தலையில் அடித்துக்கொண்டார். ஊரே அடித்துக்கொண்டது. ஆனால் அவள் சொன்னது நியாயம் இல்லை என்று சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் அது எங்கள் நியாயம். அவள் மட்டும் தினமும் சாயங்காலம் அந்தக் கதவில்லாத வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். யாராவது வந்தால் நகர்ந்து வழி விடுவாள், ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லமாட்டாள். கதவு இல்லாத இடத்தில் எது உள்ளே, எது வெளியே?

மூன்று ராஜாக்கள் திருநாளும் வந்தது. காலைப் பூசை முடிந்ததும் தொபியாஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு அதிகாரியை அழைத்துவரப் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். ஜெசிந்தாள் கோயில் முற்றத்தில் நின்றாள். பதிமூன்று நாளாகத் தன்னைத் தின்றுகொண்டிருந்ததைப் பிரான்சிஸ்காளிடம் சொன்னாள்: அவருக்கு என் குழம்பு சுக்காக இருக்கிறதாம். பிரான்சிஸ்காள் நாலு திசையும் பார்த்துவிட்டு, நடுத்தெருவில் டீயும் ஸ்டூலுமாக நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

ஜெசிந்தாள் கேட்டது ஒரே கேள்வி.

“பதிலுக்கு என்ன வச்சாரு?”

ஒன்றும் வைக்கவில்லை என்று பிரான்சிஸ்காள் சொன்னாள்.

பிறகு நடந்ததை ஊர் நின்று பார்த்தது. ஜெசிந்தாள் முக்காடு போட்ட தலையோடு ஐஸ் கம்பெனிக்குள் போனாள், நாலு லோடுமேன்களைக் கூப்பிட்டாள், தன் வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனாள். தொபியாஸின் தாத்தா பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தேக்குக் கதவு அது, பித்தளைக் குமிழும், ஒரு சாண் நீளச் சாவியும், நடுவில் செதுக்கிய மயிலும் உள்ளது, ஊரில் கல்யாணப் பேச்சு என்றால் அந்தக் கதவைச் சொல்லித்தான் அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டுவார்கள். அதை நிலையிலிருந்து கழற்றி, ஐஸ் லாரியில் ஏற்றி, மேலே தன் பூவேலைத் துணியைப் போர்த்தி மூடி, தான் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மூன்று வருஷமாகத் திருப்ப இடமில்லை என்று மனு எழுதிய அந்த லாரி, ஒரே வளைப்பில் திரும்பி, பின்பக்கமாக வந்து அமலோற்பவத்தின் வாசலில் பிசகாமல் நின்றது.

“எங்க வீட்லருந்து வெறுந்தட்டு போச்சுன்னு ஊர் சொல்லப்படாது,” என்றாள் ஜெசிந்தாள், இறங்காமலே. “பிந்திப்போச்சு. மனசுல வச்சுக்கிடாத.”

அமலோற்பவம் துணியை விலக்கிக் கதவைப் பார்த்தாள். மயிலைத் தொட்டாள். இந்தத் தட்டையும் அவளால் மறுக்க முடியாது, மறுக்கிற எண்ணமும் இல்லை. ஊரிலிருந்த மூன்று ஆசாரிகளும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். கதவு நிலைக்கு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அவள் உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், பெரிய சாவியைத் திருப்பினாள், அது பூட்டிய சத்தம் கடற்கரை வரை கேட்டது.

அதிகாரி வந்தபோது ஊர் முழுக்க அந்தத் தெருவில்தான் இருந்தது. அவர் காகிதத்தைப் புரட்டினார், சுவரைத் தட்டினார், ஓடுகளை அண்ணாந்து பார்த்தார், வட்ட ஜன்னலைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தொபியாஸ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அது யாருடைய கதவு என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார், அங்கே கதவு இருக்க வேண்டிய இடத்தில் கூடத்தின் உள்பக்கம் தெரிந்தது, நடுவில் ஜெசிந்தாள் கைகட்டி நின்றாள். எச்சிலை விழுங்கினார், மறுபடியும் விழுங்கினார், அவர் முகத்தில் ஒரு குழந்தையின் ஆச்சரியம் வந்தது. எச்சில் வெறும் எச்சிலாக இருந்தது.

அதிகாரி பித்தளைக் குமிழைத் தட்டினார்.

சாவி திரும்பியது. கதவு திறந்தது. அமலோற்பவம் தலைவாரிப் பூ வைத்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கட்டாமல் வைத்திருந்த சேலையைக் கட்டி நின்றாள். வீடு யாருடையது என்று அதிகாரி கேட்டார். அவள் ஒரு பக்கமாக ஒதுங்கி, கதவின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, நாற்பத்தொரு வருஷமாக வைத்திருந்ததைச் சொன்னாள்.

“உள்ள வாங்க.”

அதிகாரி செருப்பைக் கழற்றினார். இதற்கு மேல் என்ன விசாரணை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், வாசலிலேயே நின்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நுழைந்தார். பின்னால் தொபியாஸ் தெருவில் காலை மாற்றி மாற்றி நின்றார்.

“நீங்களும் உள்ள வாங்க அண்ணாச்சி,” என்றாள் அமலோற்பவம். “ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அவர் குடித்தார். கண்ணில் நீர் வழியக் குடித்தார், இன்னொரு செம்பு கேட்டார். தண்ணீர் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதே என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார். அதற்குள் சந்தியாகுவை வாங்க என்றாயிற்று, மதினியை வாங்க என்றாயிற்று, மதினி அந்த வார்த்தையை முழுசாகக் கேட்டுக்கொண்டு, தான் போட்ட வாசற்கல்லை மிதித்து உள்ளே போனாள். மேலத்தெரு வந்தது, கீழத்தெரு வந்தது, ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கு மேல் துணி. பங்குச்சாமி வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார், அவரையும் வாங்க என்றாள். பொழுது சாய்வதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை, தபால்காரரைச் சொன்னாள், ஊசிமணி விற்கிறவளைச் சொன்னாள், வழி தெரியாமல் தெருவுக்குள் வந்துவிட்ட வெளியூர்க்காரர் இரண்டு பேரைச் சொன்னாள். கடைசியில் தெருவில் சும்மா போய்க்கொண்டிருந்த சந்தியாகுவின் ஆட்டைப் பார்த்தும் சொன்னாள்.

ஆடும் உள்ளே வந்தது.